எழுந்து நின்று வாங்கியவன்

போன வாரம் நெவேனாவை நாம் விட்டுவிட்டு வந்தது நடுவானத்தில். தலையில் கறுப்பு முக்காடு, கையில் காகிதக் கோப்பைகள் அடுக்கிய தட்டு, விமானத்தின் நடுப்பாதையில் நின்றுகொண்டிருந்தாள். இந்த வாரம் அவளைப் பார்க்க வேண்டுமானால் சோபியா நகரத்து ஆஸ்பத்திரியில் மூன்று மாடி ஏற வேண்டும். இடது மணிக்கட்டில் மாவுக்கட்டு. புருவத்துக்கு மேலே தையல். எங்கெல்லாம் வலிக்கிறது என்று டாக்டர் கேட்டார். வலிக்காத இடத்தைக் கேட்டிருந்தால் சீக்கிரம் சொல்லி முடித்திருப்பாள்.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கார்லோவோ ஊரில் நெவேனாவின் புருஷன் காமென் மாரடைப்பில் போனார். அடக்கம் முடிந்ததும் மகள் ரலிட்சா அம்மாவைத் தனியாக விட மனசில்லாமல் தன்னோடு ஸ்பெயினுக்கு, வலென்சியாவுக்கு, கூட்டிக்கொண்டு போனாள். நாற்பதாம் நாள் சடங்குக்கு இரண்டு பேரும் முன்கூட்டியே ஊர் திரும்புவதாகத்தான் ஏற்பாடு. விமான நிலையத்தில் வேலை நிறுத்தம் வந்து எல்லாவற்றையும் கெடுத்தது. கிடைத்தது நாற்பதாம் நாளன்றே கிளம்பி சாயங்காலம் சோபியா வந்து சேரும் விமானம். கல்லறையில் காலையிலேயே மகன் திகோமிரும் பாதிரியாரும் இவர்கள் இல்லாமலே சடங்கை முடித்துவிட்டார்கள்.

நெவேனாவுக்கு அது பொறுக்கவில்லை. புருஷனுக்கு நாற்பது, பெண்டாட்டி விமான நிலைய நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள் என்று ஊர் பேசுவது இருக்கட்டும், அவளுக்கே அது ஆறவில்லை. எங்கள் பக்கத்தில் அன்றைக்குக் கோதுமையை வேகவைத்து, சர்க்கரையும் வால்நட்டும் கலந்து, தெரிந்தவர் தெரியாதவர் எல்லோருக்கும் ஒரு வாய் கொடுப்போம். வாங்கிக்கொள்பவர்கள் நன்றி சொல்லக் கூடாது. "கடவுள் அவரை மன்னிக்கட்டும்" என்று சொல்ல வேண்டும். எத்தனை வாய் சொல்கிறதோ, போனவருக்கு அத்தனை நல்லது. காமெனுக்கு அவ்வளவு மன்னிப்பு தேவையா என்று கேட்காதீர்கள். முப்பத்தேழு வருஷம் அந்த மனுஷனோடு குடித்தனம் பண்ணியவளுக்குத் தெரியும். தேவைதான். அதனால் மகள் வீட்டிலேயே கோதுமையை வேகவைத்து எடுத்துக்கொண்டுதான் விமானம் ஏறினாள்.

"அம்மா, இது விமானம். நம்ம ஊர் கல்லறைத் தோட்டம் இல்ல," என்றாள் ரலிட்சா.

"சாமி இங்கேருந்து இன்னும் கிட்டதான். பேசாம கோப்பையைப் பிரிச்சுக் குடு."

பிரித்துக் கொடுத்தாள். அம்மா அழுகிற அழுகையை நிறுத்திவிட்டு ஒரு காரியத்தில் இறங்கியிருக்கிறாளே, எப்படித் தடுப்பாள்? பெல்ட் விளக்கு அணைந்துதான் இருந்தது. பணிப்பெண்ணே நம் ஊர்ப் பெண்தான். தானும் ஒரு வாய் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, காமெனுக்காகச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுப் போனாள். வெளியே வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. மேகம் என்று பேருக்குக்கூட ஒன்று இல்லை.

ஆறேழு வரிசை தாண்டியதும் ஒரு நெட்டையான ஆள். நெவேனா கோப்பையை நீட்டினாள். அவன் பெல்ட்டைக் கழற்றினான். எழுந்தான். தலை மேலே இடிக்காமல் கழுத்தைச் சாய்த்துக்கொண்டு, இரண்டு கையாலும் வாங்கினான்.

"யாருக்கும்மா?"

"என் வீட்டுக்காரர். காமென்."

அவன் வாயைத் திறந்தான். காற்றில் பள்ளம் வந்த மாதிரி விமானம் கீழே விழுந்தது. நின்றுகொண்டிருந்தவர்கள் விழவில்லை, மேலேயே நின்றுவிட்டார்கள். கூரை வந்து அவர்களை அடித்தது. பிறகுதான் தரை. அவன் கழுத்து கூரையில் மோதிய சத்தத்தை நெவேனா கேட்டாள். அவன் இருக்கைக் கையில் முதுகடித்து விழுந்தான், அவன் மேல் அவள் விழுந்தாள். அவளுக்கு மணிக்கட்டோடு போனது என்றால், அவள் இரும்பின் மேல் விழாமல் ஒரு மனுஷன் மேல் விழுந்ததால்தான்.

எங்கள் ஆட்கள் விமானம் தரை தொட்டால் கைதட்டுவார்கள். அன்றைக்கு ஒருத்தர்கூடத் தட்டவில்லை.

இனி, மறுநாள் காலை.

---

விமானக் கம்பெனியிலிருந்து ஓர் அம்மாள் வந்திருந்தாள். சாம்பல் நிறக் கோட்டு, தணிந்த குரல். பழங்கள் வேறு வாங்கி வந்திருந்தாள். நோயாளிக்கு ஆரஞ்சு, அதுவும் வலென்சியாவில் ஆரஞ்சு தரம் பிரிக்கிற வேலை பார்க்கிற ரலிட்சாவின் கண் முன்னால். ரலிட்சா அந்தப் பையை வாங்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள்.

"அம்மா, அந்த நேரத்துல நீங்க உங்க சீட்டுல இருந்தீங்களா?" என்று கேட்டாள் கம்பெனிக்காரி.

நெவேனா வாயைத் திறப்பதற்குள் ரலிட்சா முந்திக்கொண்டாள். "இல்ல. கழிவறைக்குப் போயிட்டுத் திரும்பி வந்துட்டிருந்தாங்க."

"அப்படியாம்மா?"

நெவேனா ஜன்னல் பக்கம் பார்த்தாள். ஜன்னலில் பார்க்க ஒன்றுமில்லை, எதிர்க் கட்டிடத்துச் சுவர்தான். அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டு, "ம்" என்றாள்.

"பெல்ட் போட்டிருந்தவங்க எல்லாரும் நல்லா இருக்காங்க. பெல்ட் போடாதவங்களுக்கும் எழுந்தவங்களுக்கும்தான் அடி. அதுலயும் ஒருத்தர் நிலைமை ரொம்ப மோசம்," கம்பெனிக்காரி பெருமூச்சு விட்டாள். "அவரு எதுக்கு எழுந்தாருன்னுதான் புரியல. சும்மா நடுவுல நின்னுட்டிருந்திருக்கார்."

அவள் போனதும் நெவேனா மகள் பக்கம் திரும்பினாள். "எதுக்குடி பொய் சொன்னே?"

"பின்னே என்ன சொல்லச் சொல்றே? எங்கம்மா விமானத்துல அன்னதானம் பண்ணிட்டிருந்தா, அதை வாங்கத்தான் அந்த ஆள் எழுந்தான்னா? அந்தக் குடும்பம் உன் குடுமியைப் பிடிச்சிடும். கோர்ட்டு, வக்கீல், போலீஸ். அப்பாவை மண்ணுல வெச்சு இன்னும் ஈரம் காயல. உன்னை வேற நான் ஒவ்வொரு வாசலா இழுத்துட்டு அலையணுமா?"

"அவன் சும்மா நின்னான்னு சொல்றாளே."

"சொல்லிட்டுப் போறா."

"சும்மா நிக்கலையே, ரலிட்சா."

ரலிட்சாவின் முகம் கோணியது. முப்பத்து நாலு வயசு. விமானம் விழுந்தபோது அழவில்லை, ஆம்புலன்ஸில் அழவில்லை. இப்போது அழுதாள். "கோப்பையை எல்லாம் நான்தாம்மா பிரிச்சுக் குடுத்தேன். உன்கிட்ட கேக்க ஆரம்பிச்சா என்கிட்டயும்தான் கேப்பாங்க. போதும்மா. விட்டுடு."

நெவேனா நல்ல கையால் மகளின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துக்கொண்டாள். விட்டுவிடலாம் போலத்தான் இருந்தது. வாங்கிச் சாப்பிட்டவர்கள் அவரவர் வீட்டுக்குப் போய்விட்டார்கள், பணிப்பெண் தன் வேலைக்குப் பயந்து வாயைத் திறக்க மாட்டாள்; அவன் எதற்கு எழுந்தான் என்று யாரும் சொல்லப் போவதில்லை. தெரிந்த ஒருத்தன் வாய்க்குள் குழாயோடு படுத்திருக்கிறான்.

---

பதினொரு மணி வாக்கில் காபி குடிக்கலாமென்று நெவேனா தட்டுத் தடுமாறி நடைவழிக்கு வந்தாள். மெஷினில் காசு போட்டாயிற்று, கோப்பையும் வந்தது. ஒரு கையால் அதை வெளியே எடுக்க வரவில்லை. விரல் சுட்டது.

"விடுங்கம்மா, நான் எடுத்துத் தர்றேன்."

எடுத்துக் கொடுத்தவளுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். ஆஸ்பத்திரிக்கு யாரும் அப்படி வரமாட்டார்கள். பச்சைப் பட்டுச் சட்டை, குதிகால் உயர்ந்த சிவப்புச் செருப்பு, அழகு நிலையத்தில் சுருட்டிய தலைமுடி. சுருள் ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. கண்ணுக்குத் தீட்டிய மை கன்னம் வரைக்கும் இறங்கிக் காய்ந்திருந்தது. ஜன்னலோரப் பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள்.

"நேத்தி உடுத்தினது," என்றாள் அவள், நெவேனா பார்ப்பதைப் பார்த்து. "ஏழு மாசம் கழிச்சு வர்றான் இல்ல, என் புருஷன்? ஜோடிச்சுட்டு ஏர்போர்ட்டுக்குப் போனேன். எல்லாரும் வெளியே வந்தாங்க. அவன் மட்டும் வரல."

நெவேனா மாவுக்கட்டுக் கையை மடியில் மறைத்துக்கொண்டாள்.

"உங்களுக்கு என்னம்மா? வழுக்கி விழுந்தீங்களா?"

"இல்லம்மா," என்றாள் நெவேனா. "நானும் அந்த விமானத்துலதான்."

அவ்வளவுதான். அந்தப் பெண் பெஞ்சில் முழுசாக இந்தப் பக்கம் திரும்பிவிட்டாள். அவள் பேர் செவ்தா. புருஷன் பேர் ஓக்னியான். வலென்சியாவில் பஸ் ஓட்டுகிறான். இதெல்லாம் நெவேனா கேட்காமலே வந்து கொட்டியது.

"எங்க உக்காந்திருந்தீங்க? அவனைப் பாத்தீங்களா? நெட்டையா இருப்பான், காது கொஞ்சம் பெருசு. அவன் ஏன் எழுந்தான்னு தெரியுமா உங்களுக்கு?"

"நான்..."

"அவன் எழுந்திருக்க மாட்டாம்மா! நம்புங்க. வீட்டுக் காருல பக்கத்துத் தெருவுக்குப் போனாக்கூட பெல்ட் போடாம வண்டியை எடுக்க மாட்டான். நான் கேலி பண்ணுவேன், இடுப்புல கட்டிட்டே பொறந்தியாடான்னு. பதிமூணு வருஷமா பஸ் ஓட்டறான், ஒருத்தருக்கு ஒரு கீறல் பட்டதில்ல. அப்படிப்பட்டவன் எதுக்கு எழுந்து நின்னான்?"

நெவேனா காபியில் ஒரு வாய் குடித்தாள்.

"அவன் அண்ணன் என்ன சொல்றான் தெரியுமா? குடிச்சிருப்பானாம். கம்பெனிக்காரி ஒருத்தி வந்து, சும்மா நின்னுட்டிருந்தாருங்கறா." செவ்தா குரலைத் தாழ்த்தினாள். "பின் சீட்டுல இருந்த ஒருத்தர் கை ஒடிஞ்சு கீழ் மாடியில படுத்திருக்கார். அவர்கிட்டப் போய்க் கேட்டேன். யாரோ ஒரு பொம்பளைகிட்ட நின்னு பேசிட்டிருந்தான், அவ்வளவுதான் தெரியும்னார்."

"பொம்பளையா?"

"ஆமா. ஏழு மாசம்மா. அங்க யாரு, எவ, எனக்கென்ன தெரியும்? நான் அப்படி நினைக்கறவ இல்ல. ஆனா ராத்திரி முழுக்க அதைத்தான் நினைச்சேன். உயிருக்குப் போராடறான், நான் வெளியில உக்காந்துட்டு அவனைச் சந்தேகப்படறேன். இதைவிடக் கேவலம் உண்டா?" அவள் நெவேனாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க யாரையாவது பாத்தீங்களா? எவளாவது?"

சொல்லிவிட அதைவிட நல்ல நேரம் வராது. நமக்குத் தெரிகிறது, அவளுக்கும் தெரிந்தது. மகள் அழுத முகம் கண் முன்னால் வந்து நின்றது.

"நான் கவனிக்கலம்மா," என்றாள் நெவேனா.

காலையில் "ம்" கொட்டியது மகள் சொன்ன பொய்க்கு. இது சொந்தமாகச் சொன்ன பொய். காபியை அப்படியே பெஞ்சில் வைத்துவிட்டு எழுந்து போனாள். 

---

மத்தியானம் திகோமிர் வந்தான். அப்பாவின் பழைய காரைக் கார்லோவோவிலிருந்து விரட்டிக்கொண்டு வந்திருந்தான். அம்மாவின் நெற்றியைப் பார்த்ததும் உதட்டைக் கடித்துக்கொண்டான். பிறகு, அவன் சுபாவப்படி, கத்த ஆரம்பித்தான்.

"உன்னை யாரும்மா குடுக்கச் சொன்னது? நான்தான் காலையிலயே எல்லாம் பண்ணிட்டேனே! ஊரே வந்துது. பானை காலி. அப்பா படம் போட்ட அறிவிப்பை வாசக்கதவுல ஒட்டி, சர்ச்சுல ஒட்டி, பஸ் நிறுத்தத்துல ஒட்டி..."

"நான் அங்க இல்லையே."

"இல்லாட்டி என்ன? அப்பா கோவிச்சுக்குவாரா?"

"மெதுவாடா," என்றாள் ரலிட்சா. "பக்கத்துக் கட்டில்ல கேக்குது."

அவன் குரலைத் தணித்தான். அக்காவும் தம்பியும் சின்ன வயசிலிருந்து ஒத்துப்போன விஷயம் ஒன்றுகூடக் கிடையாது. இன்றைக்கு இருவரும் ஒரே கட்சி. அம்மா வாயைத் திறக்கக் கூடாது. டாக்டர் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார். சாயங்காலத்துக்குள் கிளம்பி நேரே கல்லறைக்குப் போக வேண்டும். பாதிரியார் அம்மாவுக்காக இன்னொரு தரம் ஜெபம் சொல்ல ஒப்புக்கொண்டிருக்கிறார்.

"அந்த ஆளோட பொண்டாட்டியைப் பாத்தேன்," என்றாள் நெவேனா. "அவ புருஷன் யாரோ ஒருத்திகூட நின்னு பேசிட்டிருந்தான்னு நினைச்சு செத்துட்டிருக்கா."

"நினைச்சுட்டுப் போகட்டும்மா. ரெண்டு நாள்ல மறந்துடுவா."

"ஏன்டா, உங்கப்பா சாகக் கிடக்கறப்ப அவரைப் பத்தி எவனாவது அப்படிச் சொல்லியிருந்தா?"

"அப்பாவைப் பத்தி அவர் நல்லா இருக்கும்போதே சொன்னாங்க," என்றான் திகோமிர். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். ரலிட்சா அவன் முதுகில் ஒன்று வைத்தாள்.

நெவேனாவுக்குக் கோபம் வரவில்லை. சொன்னார்கள்தான். அது எப்படி இருக்கும் என்று அவளுக்குத்தான் தெரியும். மூன்று வருஷம் தெருவில் தலை நிமிராமல் நடந்தவள் அவள்.

"நல்ல எண்ணத்துலதானேம்மா குடுத்தே," ரலிட்சா சமாதானம் சொன்னாள்.

"ஆமாடி. நான் நல்ல எண்ணத்துல குடுத்தேன். அவன் நல்ல எண்ணத்துல எழுந்தான். ரெண்டு நல்ல எண்ணமும் சேந்து அவனை எங்க கொண்டுபோய்ப் படுக்க வெச்சிருக்கு பாரு."

பிள்ளைகள் இருவரும் துணிமணிகளை மடித்துப் பையில் வைக்க ஆரம்பித்தார்கள்.

---

ரலிட்சா மாத்திரை வாங்கக் கீழே போனாள். திகோமிர் காரை வாசலுக்குக் கொண்டுவரப் போனான். "லிப்ட்கிட்ட உக்காரு, வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனான். லிப்டுக்கு நேர் எதிரே தீவிர சிகிச்சைப் பிரிவின் கண்ணாடிக் கதவு. அதன் முன்னால் செவ்தா. அவளுக்குப் பக்கத்தில் பச்சை உடுப்பில் ஓர் இளம் டாக்டர்.

நெவேனா ஒட்டுக் கேட்கவில்லை. காது இருக்கிறது, கேட்டது.

"உயிருக்கு ஆபத்து தாண்டியாச்சு. தண்டுவடம்தான்... கழுத்துக்குக் கீழே நசுங்கியிருக்கு. கை கொஞ்சம் திரும்பலாம். கால் நடக்கும்னு நான் உங்ககிட்ட பொய் சொல்ல மாட்டேன்."

"அவன் பஸ் ஓட்டணுமே," என்றாள் செவ்தா. அதைத்தான் சொன்னாள். டாக்டர் அவள் தோளைத் தொட்டார். நாளைக்குக் காலையில் குழாயை எடுப்போம், பேச ஆரம்பிப்பார் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

செவ்தா கீழே உட்கார்ந்தாள். நாற்காலியில் இல்லை, தரையில். சிவப்புச் செருப்பைக் கழற்றி இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டாள். ஏன் என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

நெவேனா எழுந்தாள். அந்தப் பத்தடி தூரத்துக்குள் மூன்று தரம் திரும்பிவிடலாம் என்று நினைத்தாள். லிப்ட் வந்தால் போய்விடலாம், ரலிட்சா கூப்பிட்டால் போய்விடலாம். லிப்ட் வரவில்லை. ரலிட்சாவும் கூப்பிடவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு அவளும் தரையில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தபோது வலியில் முனகல் வந்தது.

"அம்மா, நீங்க எதுக்குக் கீழே..."

"காலையில உன்கிட்ட பொய் சொன்னேன்," என்றாள் நெவேனா. "அந்தப் பொம்பளை நான்தான்."

செவ்தா புரியாமல் பார்த்தாள்.

"எங்க வீட்டுக்காரருக்கு நேத்து நாப்பது. கல்லறைக்கு வந்து சேர முடியல. விமானத்துலயே கோதுமை குடுத்தேன். எல்லாரும் உக்காந்துட்டே வாங்கிக்கிட்டாங்க. உன் புருஷன் மட்டும்தான் பெல்ட்டைக் கழட்டிட்டு எழுந்தான். ரெண்டு கையால வாங்கினான். யாருக்கும்மான்னு கேட்டான். அதுக்கு மேல அவனுக்கு நேரம் கிடைக்கல. நானும் அவன் மேலதான் விழுந்தேன். குடிச்சிருக்கல. வாசனைகூட இல்ல. எவகிட்டயும் பேசல. என் காமெனுக்காகத்தான் எழுந்தான்."

ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டாள். நடுவில் நிறுத்தியிருந்தால் சொல்லியிருக்க மாட்டாள்.

செவ்தா அவளை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். கறுப்பு முக்காடு, வீங்கிய கண், தையல் போட்ட புருவம், ஆஸ்பத்திரிச் செருப்பு. திடீரென்று சிரித்தாள்.

"ராத்திரி முழுக்க அவளை எப்படியெல்லாம் அலங்காரம் பண்ணிப் பாத்தேன் தெரியுமா? இருபத்தஞ்சு வயசு. குட்டைப் பாவாடை. உதட்டுச் சாயம். கடைசியில நீங்க!"

சிரிப்பு எங்கே முடிந்து அழுகை எங்கே தொடங்கியது என்று சொல்ல முடியாது. செருப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு குலுங்கினாள். நெவேனா தொடவில்லை. தொட உரிமை இல்லை என்று தோன்றியது.

"எங்க வீட்ல செத்தவங்களுக்காகக் குடுக்கறதை உக்காந்து வாங்க மாட்டோம்," என்றாள் செவ்தா கொஞ்சம் அடங்கியதும். "அவன் அம்மா அவனை வளத்த விதம். கல்யாணம் ஆன புதுசுல, முதுகு வலிக்குதுன்னு நான் உக்காந்துட்டே வாங்கினேன். வீட்டுக்கு வந்து ரெண்டு நாள் அவன் பேசல என்கிட்ட." அவள் தலையைச் சுவரில் மோதிக்கொண்டாள், மெதுவாக. "எனக்கு ஏன் தோணல? யாரோ குடுத்திருப்பாங்க, அதுக்குத்தான் எழுந்திருப்பான்னு எனக்கு ஏன் தோணல? என் புருஷன்தானே?"

"விமானத்துல குடுப்பாங்கன்னு யாருக்கும்மா தோணும்?"

இதைச் சொல்லியிருக்க வேண்டாம். செவ்தாவின் கண்ணீர் நின்றது. முகம் வேறாகிவிட்டது.

"ஆமா. யாருக்குத் தோணும்?" என்றாள். "யாருக்கும்மா தோணும், சொல்லுங்க? கீழே இறங்கிக் குடுத்திருக்கக் கூடாதா? ஏர்போர்ட் வாசல்ல நின்னு குடுத்திருக்கக் கூடாதா? அங்கயும் எழுந்து நின்னு வாங்கியிருப்பானே! தரையில நின்னு வாங்கியிருப்பானே! ரெண்டு மணி நேரம். அதுக்குள்ள உங்க புருஷனுக்கு என்ன குடி முழுகிப் போச்சு?"

செவ்தா செருப்பைத் தரையில் வைத்தாள்.

"காலையில ஏன் சொல்லல?"

"பயம்."

"யாருக்கு?"

"எனக்குத்தான். கோர்ட்டு, போலீஸுன்னு..." வாய்க்குள்ளேயே போய்விட்டது மிச்சம்.

"நான் உங்களை எந்தக் கோர்ட்டுக்கும் இழுக்க மாட்டேன்." செவ்தா எழுந்தாள். வெறுங்காலோடு நின்றாள். "ஆனா மன்னிச்சுட்டேன்னு நினைச்சுக்காதீங்க. அது இன்னைக்கு வராது. வருமான்னும் தெரியல."

"வேண்டாம்மா. நான் அதைக் கேட்டு வரல."

"நாளைக்குக் காலையில அவன் பேசுவானாம். கால் என்னாச்சுன்னு கேப்பான். அதை டாக்டர் சொல்லட்டும். நான் ஏன் எழுந்தேன்னு கேட்டா? அடிபட்டதுல அது அவனுக்கு ஞாபகம் இருக்காதாம். அதை நான் சொல்ல மாட்டேன். சொன்னா என் வாயில நல்லபடியா வராது. நீங்க வந்து சொல்லணும். அவன் முகத்தைப் பாத்து நீங்க சொல்லணும்."

"வர்றேன்."

"ஊருக்குப் போயிட மாட்டீங்களே?"

"மாட்டேன்."

செவ்தா கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

லிப்ட் திறந்தது. திகோமிர் வந்தான், கையில் சாவியைச் சுழற்றிக்கொண்டு. பின்னாலேயே மாத்திரைப் பையோடு ரலிட்சா. தரையில் உட்கார்ந்திருந்த அம்மாவைப் பார்த்தாள், கண்ணாடிக் கதவைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. பையைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டாள்.

திகோமிருக்குப் புரியவில்லை. "ஏம்மா தரையில? எழுந்திரு. வண்டியைத் தப்பான இடத்துல நிறுத்தியிருக்கேன். இப்ப கிளம்பினாத்தான் வெளிச்சம் இருக்கறப்பவே அப்பாகிட்டப் போக முடியும்."

"நான் வரலடா."

"என்னது?"

"இங்கதான் எங்கேயாவது தங்கப் போறேன். நாளைக்குக் காலையில எனக்கு இங்க வேலை இருக்கு. அது எத்தனை நாள் வேலைன்னும் தெரியல."

"பாதிரியார் உனக்காகக் காத்துட்டிருக்கார்மா! நாப்பதுக்குத்தான் உன்னால வர முடியல. இன்னைக்காவது வந்து நிக்க வேண்டாமா? இந்தக் கல்லறைக்காகத்தானே அவ்வளவு அழுதே? அப்பா காத்துட்டிருக்கார்மா."

நெவேனா நல்ல கையை மகனிடம் நீட்டினாள். அவன் பிடித்துத் தூக்கினான்.

"உங்கப்பாவுக்கு ஒரு அவசரமும் இல்லடா," என்றாள். "நேத்தும் இருந்திருக்காது. எனக்குத்தான் இருந்துது."